புழு நீங்கிய உடல்

1968இல் 'லான்செட்' இதழில் பிரையன் கிரீன்வுட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் எழுதிய கட்டுரை, மருத்துவமனைப் பதிவேடுகளில் காணாத ஒன்றைப் பற்றியது. மேற்கு நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பல ஆண்டுகளாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் பதிவுகளை அவர் புரட்டிப் பார்த்தார். முடக்குவாதம், லூபஸ் போன்ற, உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள் அங்கே பிரிட்டனைவிட மிகவும் குறைவாக இருந்தன. சிறுவயது முதலே உடலில் குடியேறிவிடும் ஒட்டுண்ணிகள் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். ஊகத்தோடு நிற்கவில்லை. லூபஸ் போன்ற நோய் தானாகவே வரும் இனத்துச் சுண்டெலிகளுக்கு எலி மலேரியாவைத் தொற்றவைத்துப் பார்த்தார், நோய் மட்டுப்பட்டது. 1970இல் 'நேச்சர்' அதை வெளியிட்டது. அதன்பின் கிரீன்வுட் காம்பியாவில் மலேரியாவைக் கட்டுப்படுத்தும் பணியில் பல ஆண்டுகள் உழைத்தார். ஒட்டுண்ணி ஒரு நோயைத் தடுக்கிறது என்று காட்டியவரே அந்த ஒட்டுண்ணியைத் துரத்தப் புறப்பட்டது முரண் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த இரண்டு காரியங்களையும் ஒரே மனிதர் மனம் ஒப்பிச் செய்ய முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

நவீன மருத்துவம் பெரும்பாலும் இருப்பதைத் தேடப் பழகியது. கிருமி இருக்கிறதா, நஞ்சு இருக்கிறதா, கட்டி இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாமையே நோய்க்குக் காரணம் என்பதை அது சிரமப்பட்டுத்தான் கற்றுக்கொண்டது. ஸ்கர்வியும் பெரிபெரியும் அப்படிக் கற்ற பாடங்கள். ஆனால் அங்கே இல்லாமல் போனது நல்ல பொருள்: பழத்திலும் தவிட்டிலும் இருந்த வைட்டமின். இங்கே நம்மிடமிருந்து காணாமல் போனது ஓர் எதிரி. இரத்தம் குடித்த, குழந்தைகளின் வளர்ச்சியைக் குறுக்கிய, காலை யானைக்காலாக்கிய எதிரி. அது போனதால் ஏதோ ஒன்று கெட்டது என்று சொல்லக் கேட்பதற்கே சங்கடமாக இருக்கிறது. அந்தச் சங்கடத்தால்தான் இந்த விவாதத்தில் இரண்டு தரப்பும் அவசரப்படுகின்றன. புழுவைப் பழைய நண்பன் என்று கொண்டாட ஒரு கூட்டம். எல்லாம் வெறும் கற்பனை என்று கதவைச் சாத்த இன்னொரு கூட்டம்.

தொற்று குறைந்தால் வேறு நோய் கூடும் என்ற எண்ணம் பரவலானது 1989இல். டேவிட் ஸ்ட்ரேக்கன், 1958இல் பிறந்த 17,414 பிரிட்டிஷ் குழந்தைகளின் தகவல்களை ஆராய்ந்து, அண்ணன் அக்காக்கள் அதிகம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மகரந்த ஒவ்வாமை குறைவு என்று காட்டினார். மூத்த பிள்ளைகள் வெளியிலிருந்து கொண்டுவரும் தொற்று இளையவர்களைக் காக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். இதற்குச் 'சுகாதாரக் கருதுகோள்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் செய்த கெடுதல் கொஞ்சமல்ல. கையைக் கழுவாதே, குழந்தையை அழுக்கில் விடு என்பதாக அது மக்களிடம் போய்ச் சேர்ந்தது. உண்மையில், பிள்ளைகளிடையே அப்படிப் பரவும் சளியும் தட்டம்மையும் மனித குலத்துக்குப் புதியவை. மக்கள் நகரங்களில் நெருங்கி வாழ ஆரம்பித்த பிறகு வந்தவை. 2003இல் கிரஹாம் ரூக் இதைத் திருத்திச் சொன்னார். மனித இனத்தோடு மிக நெடுங்காலமாகக் கூடவே வந்த உயிர்கள்தான் முக்கியம்: மண்ணிலும் நீரிலும் உள்ள நுண்ணுயிர்கள், குடல்வாழ் பாக்டீரியாக்கள், புழுக்கள். இந்த மூன்றில் புழு மற்ற இரண்டிலிருந்தும் ஒரு வகையில் வேறுபட்டது. மற்றவை உடலோடு ஒத்துப்போனால் போதும். புழுவோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. திசுவைக் கிழித்துக்கொண்டு நுழைவது. உடல் அதை எதிர்க்காமல் இருக்க முடியாது.

எதிர்த்தும் அது வருடக்கணக்கில் உள்ளேயே இருக்கிறது என்பதுதான் விஷயம். பாக்டீரியா உடலுக்குள் பல்கிப் பெருகி, உடல் விழித்துக்கொள்வதற்குள் அடுத்தவருக்குத் தாவிவிடலாம். பெரும்பாலான புழுக்களால் அது முடியாது. உள்ளே வந்த ஒவ்வொரு புழுவும் தனியாக வளர்ந்து, துணை தேடி, முட்டையிட்டோ குஞ்சு ஈன்றோ, அவை உடலைவிட்டு வெளியே போகும்வரை உயிரோடு இருந்தாக வேண்டும். கொக்கிப்புழு குடலில் ஆண்டுக்கணக்கில் வாழும். யானைக்கால் நோய்ப் புழுவும் நிணநீர்க் குழாயில் அப்படியே. அத்தனை காலம் நோயெதிர்ப்பு மண்டலத்தோடு சண்டையிட்டு எந்தப் புழுவும் ஜெயிக்க முடியாது. ஆகவே அது அந்த மண்டலத்தின் வேகத்தைத் தணிக்கக் கற்றிருக்கிறது. நம் உடலிலேயே அதற்கான ஏற்பாடு இருக்கிறது. தாக்கும் செல்களைக் கட்டுக்குள் வைக்கும் 'ஒழுங்குபடுத்தும் டி-செல்கள்' அவை. அவற்றைக் கண்டறிந்து விளக்கியதற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரங்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் ஆகிய மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அச்செல்களை இயக்கும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு பழுதாகிப் பிறக்கும் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, குடல் அழற்சி, தோல் அழற்சி என்று உடலின் பல உறுப்புகளும் தாக்குதலுக்கு ஆளாகின்றன. புழு கைவைப்பது சரியாக இந்த இடத்தில்தான். எலிகளின் குடலில் வாழும் ஹெலிக்மோசொமாய்டஸ் என்ற புழு சுரக்கும் ஒரு புரதம், நம் உடலே அச்செல்களை உருவாக்கப் பயன்படுத்தும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் பொருளைப் போல வேலை செய்கிறது என்று ரிக் மெய்சல்ஸின் குழு 2017இல் காட்டியது. அதில் வியப்பான ஒன்று உண்டு: அந்தப் புரதத்துக்கும் டிஜிஎஃப்-பீட்டாவுக்கும் வடிவத்தில் எந்த உறவும் இல்லை. வேறு பொருளில், வேறு அச்சில், அதே பூட்டுக்குப் பொருந்தும் சாவியைப் புழு தானே வார்த்துக்கொண்டிருக்கிறது.

வீட்டுக்குள் புகுந்த திருடன் காவல்நாய்க்குத் தூக்கமருந்து வைக்கிறான். அன்றிரவு நாய் அவனையும் கடிக்காது, வீட்டுப் பிள்ளைகளையும் கடிக்காது. பிள்ளைகளின் மேல் உள்ள பாசத்தால் அவன் அதைச் செய்யவில்லை. தலைமுறை தலைமுறையாகத் திருடர்கள் நிரந்தரமாக இருந்த வீடு என்றால், மருந்தையும் மீறி விழித்திருக்கும் மூர்க்கமான நாய்களே அங்கு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். திடீரென்று திருடர்கள் இல்லாமல் போனால் அந்த நாய் என்ன செய்யும்? மரபணு ஆய்விலும் இதற்குச் சாடை தெரிகிறது. ஒட்டுண்ணிகள் மிகுந்த நிலப்பகுதி மக்களிடம் எந்த மரபணு வடிவங்கள் தழைத்திருக்கின்றன என்று 2009இல் ஒரு குழு தேடியது. அப்படித் தழைத்த, நோயெதிர்ப்புச் செல்களின் சமிக்ஞைப் பொருள்களான இன்டர்லூகின்களின் மரபணு வடிவங்களில் சில, இன்று குடல் அழற்சி நோய்க்கும் சீலியாக் நோய்க்கும் ஆளாகும் வாய்ப்பைக் கூட்டுபவையாகவும் இருக்கின்றன. அன்று உயிர் காத்த மூர்க்கம்தான் இன்று சொந்த உடலைக் கடிக்கிறது என்று இதைப் படிக்கலாம். இதுவரை சொன்னது பொறிமுறை. அது அழகாகப் பொருந்துகிறது என்பதாலேயே உண்மை ஆகிவிடாது. மனிதரிடம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மனிதர்களிடமிருந்து கிடைத்த சான்றுகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது பியூனஸ் அயர்ஸிலிருந்து வந்தது. ஹோர்ஹே கொரேயாலேயும் மௌரிசியோ ஃபாரெஸும் 2007இல் வெளியிட்ட ஆய்வு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்புநோய் உள்ளவர்களில், குடலில் ஒட்டுண்ணித் தொற்று இயல்பாகவே வந்திருந்த 12 பேரையும் தொற்று இல்லாத 12 பேரையும் சராசரியாக நான்கரை ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தார்கள். தொற்று இல்லாதவர்களிடம் நோய் 56 முறை மூண்டது; தொற்று உள்ளவர்களிடம் 3 முறை. அவர்களது இரத்தத்தில் அடக்கும் செல்களும், அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின்-10உம் கூடியிருந்தன. இருபத்துநான்கே பேர், சீட்டுக் குலுக்கிப் பிரிக்கப்பட்டவர்களும் அல்லர், எனவே இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. ஆனால் கதை அதோடு முடியவில்லை. தொற்று இருந்தவர்களில் நால்வருக்கு வயிற்றுத் தொல்லை அதிகமாகி, புழுநீக்க மருந்து கொடுக்கவேண்டியதாயிற்று. அதன்பின் அந்த நால்வரிடமும் நோய் மீண்டும் கிளம்பியது. மூளையின் ஸ்கேன் படங்களில் புதிய தழும்புகள் கூடின. அடக்கும் செல்கள் குறைந்தன. 2011இல் இது வெளியானது. இரண்டு வேறு மனிதர்களை ஒப்பிடும்போது வருமானம், உணவு, மரபு என்று ஆயிரம் வேறுபாடுகளைச் சந்தேகிக்கலாம். ஒரே மனிதரின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடும்போது அந்தச் சந்தேகங்களில் பாதி கழன்றுவிடுகின்றன. மீதிப் பாதி இருக்கவே செய்கிறது.

சென்னையிலும் இப்படி ஒரு தடயம் கிடைத்தது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் பங்கேற்று 2010இல் வெளியிட்ட ஆய்வில், முதல் வகை நீரிழிவு உள்ள 200 பேரின் இரத்தத்தில் யானைக்கால் நோய்ப் புழுவுக்கான சோதனை செய்தபோது ஒருவரிடமும் தொற்று இல்லை. நீரிழிவு இல்லாதவர்களில் அது 2.6 சதவீதம். இரண்டாம் வகை நீரிழிவை எடுத்துக்கொண்ட இணை ஆய்வில், சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களில் 10.4 சதவீதத்தினருக்கும், சிகிச்சையில் இருந்த நீரிழிவுக்காரர்களில் 4.3 சதவீதத்தினருக்கும் தொற்றின் அடையாளம் இருந்தது. யானைக்கால் நோய் பரவலாக உள்ள ஒடிசாப் பகுதியில் முடக்குவாத நோயாளிகளைச் சோதித்தவர்களும் இதே திசையில்தான் கண்டார்கள்: ஒருவரிடமும் அந்தப் புழு இல்லை. கேட்கும்போதே புல்லரிக்கிறது, அதனாலேயே எச்சரிக்கை தேவை. முதல் வகை நீரிழிவுள்ள பிள்ளையை வளர்க்கும் வீடு எப்படிப்பட்டது? இன்சுலின் வாங்கக் காசிருக்கும், மருத்துவரிடம் தவறாமல் போகும், கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளும். வசதியில்லாத வீட்டில் அந்த நோய் வந்த பிள்ளை கணக்கெடுக்கப்படும் வயதுவரை உயிரோடு இருந்திருக்குமா என்பதே கேள்வி. ஒரே நாளில் எடுத்த இரத்தம், எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்று சொல்லாது.

இந்தச் சந்தேகத்தை அதன் எல்லைவரை கொண்டுபோவோம். ஏழை நாடுகளில் தன்னெதிர்ப்பு நோய்கள், அதாவது உடல் தன்னையே தாக்கும் நோய்கள், குறைவு என்பதே கணக்குப் பிழையாக இருக்கக்கூடாதா? கண்டுபிடிக்க ஆளில்லாத இடத்தில் எந்த நோயும் அரிதுதான். இபாதான் பதிவேட்டின் மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு இதுவே. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே மக்கள் இடம்பெயர்ந்தபோது நடந்ததை அது விளக்கவில்லை. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் தெற்காசியக் குடும்பத்துக் குழந்தைகளிடம் முதல் வகை நீரிழிவு 1978இலிருந்து 1990க்குள் பல மடங்காகி, ஊரின் மற்றக் குழந்தைகளின் அளவை எட்டியது. மரபணு பன்னிரண்டு ஆண்டுகளில் மாறாது. மேற்கு ஆப்பிரிக்காவில் அரிதென்று பதிவான லூபஸ், அங்கிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் அமெரிக்க வாரிசுகளிடம் வெள்ளையரைவிட அதிகம். ஃபின்லாந்திலும், எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவிலும் வாழ்வோர் மரபால் நெருங்கியவர்கள். முதல் வகை நீரிழிவோ ஃபின்லாந்தில் ஆறு மடங்கு. ஆகச் சூழலுக்குப் பங்குண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தச் சூழலில் எது என்பதுதான் கடினமான கேள்வி. கரேலிய வேறுபாட்டுக்குப் புழுவை இழுக்கத் தேவையில்லை. குடிநீரும் பாக்டீரியாவும் போதும். போதாக்குறைக்கு, தொற்று காப்பதைப்போலவே கெடுக்கவும் செய்யும். அமெரிக்க ராணுவத்தினரின் பதிவுகளைக் கொண்டு 2022இல் வந்த ஆய்வு, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியபின் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் அபாயம் 32 மடங்காகிறது என்று காட்டியது. எனவே 'தொற்று நல்லது' என்று பொதுப்படையாகச் சொல்பவர் எதையும் சொல்லவில்லை. எந்தத் தொற்று, எந்த வயதில், எவ்வளவு காலம் என்று சொன்னால்தான் அது ஒரு கூற்று.

ஒப்பீடுகளை விட்டுச் சோதனைகளுக்கு வந்தால், புழுவை நீக்கிப் பார்ப்பதே நேரான வழி. உகாண்டாவின் என்டபேயில் கர்ப்பிணிகளுக்குச் சீட்டுக் குலுக்கல் முறையில் அல்பெண்டசோல் என்ற புழுநீக்க மருந்து கொடுத்த ஆய்வில், மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளுக்குத் தோல் கரப்பான் அதிகம் வந்தது. காபோனிலும் வியட்நாமிலும் புழுநீக்கம் பெற்ற பிள்ளைகளின் தோல், ஒவ்வாமைச் சோதனையில் கூடுதலாகச் சிவந்தது. ஆனால் வியட்நாமில் ஆஸ்துமா கூடவில்லை. ஈக்வடாரில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இந்த முடிவுகள் ஒன்றோடொன்று முட்டுவதைப் பார்த்துக் கருதுகோளைக் குப்பையில் போடச் சொல்பவர்கள் உண்டு. இந்தச் சோதனைகள் அளந்தது ஒவ்வாமையை, அதுவும் குறுகிய காலத்துக்கு. தன்னெதிர்ப்பு நோய் வெளித்தெரியப் பத்து இருபது வருடங்கள் ஆகலாம். ஆனால் ஒரு கவனிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது: வலுவான விளைவுகளில் ஒன்று தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளிடம் தெரிந்தது. பத்து வயதில் ஒருமுறை புழுவை எடுப்பதும், பிறப்பதற்கு முன்பே எடுப்பதும் உடலுக்கு ஒன்றல்ல.

எதிர்த்திசைச் சோதனை, அதாவது புழுவை மருந்தாகக் கொடுப்பது, பத்திரிகைகளுக்குப் பிடித்த கதை. அயோவாப் பல்கலைக்கழகத்தில் ஜோயல் வைன்ஸ்டாக், டேவிட் எலியட், ராபர்ட் சம்மர்ஸ் ஆகியோர் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 2,500 வீதம், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி நோய் உள்ள 29 பேருக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். 24 வாரங்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் நோய் தணிந்தது என்று 2005இல் எழுதினார்கள். ஒப்பிடப் போலி மருந்து கொடுக்கப்பட்ட குழு அதில் இல்லை. பெருங்குடல் புண் அழற்சிக்கு, ஒப்பீட்டுக் குழுவோடு 54 பேரிடம் நடந்த சோதனையில் முட்டை குடித்தவர்களில் 43 சதவீதத்தினரும் குடிக்காதவர்களில் 17 சதவீதத்தினரும் தேறினார்கள். முதலீடு வந்தது, நிறுவனங்கள் வந்தன. 2013இல் சுமார் 250 குரோன்ஸ் நோயாளிகளைக் கொண்ட அமெரிக்கச் சோதனை தோற்றது. ஐரோப்பியச் சோதனை பயனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டது. நாட்டிங்ஹாமில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகள் 71 பேரில் ஒரு பாதியினரின் தோல் வழியே 25 கொக்கிப்புழு லார்வாக்களை ஏற்றி ஒன்பது மாதம் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது: ஒழுங்குபடுத்தும் செல்கள் கூடின, மூளையில் புதிய தழும்பே தோன்றாதவர்கள் 28 சதவீதத்துக்குப் பதில் 51 சதவீதம், ஆனால் சோதனையின் முதன்மை அளவுகோலான மொத்தத் தழும்புகளில் வித்தியாசம் இல்லை. விஞ்ஞான நாணயம் உள்ளவர் இதைத் தோல்வி என்றே எழுத வேண்டும்.

தோற்றது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பன்றியின் சாட்டைப்புழு மனிதக் குடலில் நெடுநாள் நிலைக்காது. அதைத் தேர்ந்ததே அந்தப் பாதுகாப்புக்காகத்தான். நீண்டகாலம் தங்குவதற்காக அடக்கக் கற்ற உயிருக்குப் பதிலாக, தங்கவே முடியாத ஓர் உயிரைப் பயன்படுத்தினால் அடக்குதல் எங்கிருந்து வரும்? இரண்டாவது, இவர்கள் எல்லோரும் நோய் முற்றிய பெரியவர்கள். எலிகளிடம் மிகத் தெளிவான முடிவுகள் கிடைத்தது நோய் வரும் முன்பே தொற்றவைத்தபோது. கேம்பிரிட்ஜில் ஆன் குக், நீரிழிவுக்கு ஆளாகும் எலிகளை இளமையிலேயே ஷிஸ்டோசோமா புழுவுக்கு உட்படுத்தி 1999இல் நோயைத் தடுத்துக் காட்டியது அப்படித்தான். நோயெதிர்ப்பு மண்டலம் எதைப் பொறுக்க வேண்டும் என்பதைக் குழந்தைப் பருவத்தில் பழகுகிறது. அந்தப் பழக்கத்தை நாற்பது வயதில் 25 லார்வாக்களைக் கொண்டு ஒன்பது மாதத்தில் ஏற்படுத்த முடியாமல் போனது எனக்கு ஆச்சரியம் தரவில்லை. இதைக் கேட்டு, தோல்வி ஒவ்வொன்றுக்கும் சாக்குச் சொல்லும் கருதுகோள் கருதுகோளே அல்ல என்று ஒருவர் மடக்கலாம். சரியான மடக்கல். 'வயதுதான் காரணம்' என்று சொல்பவர், வயதைச் சோதிக்கும் வழியையும் சொல்லக் கடமைப்பட்டவர். அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன் இன்னொரு தரப்புக்குப் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. நம் முன்னோர் மண்ணில் புரண்டு வளர்ந்தார்கள், வயிற்றுப் பூச்சியோடு ஆரோக்கியமாக வாழ்ந்தார்கள், மாத்திரை கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று வாட்சப்பில் பேசும் இயற்கைவாதிகள் இந்த ஆய்வுகளைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். வெளிநாட்டில் இணையம் வழியே கொக்கிப்புழு லார்வாவை வாங்கித் தனக்குத்தானே ஏற்றிக்கொள்பவர்களும் உண்டு. இவர்கள் பார்க்க மறுப்பது ஒன்றைத்தான்: புழு செய்யும் நன்மையும் தீமையும் இரண்டு செயல்கள் அல்ல, ஒரே செயல். எந்த அடக்குமுறை கணையத்தின் மீதான தாக்குதலை நிறுத்துகிறதோ, அதுவே தடுப்பூசி வேலை செய்வதையும் மங்கவைக்கிறது; எத்தியோப்பியாவில் புழுத்தொற்று உள்ளவர்களுக்குப் பிசிஜி ஊசிக்கான எதிர்வினை குறைவாகவும், புழுநீக்கத்துக்குப்பின் கூடுதலாகவும் இருந்தது. அங்கைலோஸ்டோமா வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளொன்றுக்கு 0.15 முதல் 0.2 மில்லி இரத்தம் குடிக்கும். நூறு புழு என்றால் நாளுக்கு 15, 20 மில்லி. மாதவிடாயும் பேறுகாலமும் ஏற்கெனவே இரும்புச்சத்தை வற்றவைக்கும் பெண்ணின் உடலில் இது என்ன செய்யும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற புழு இன்னும் மோசம். அது உடலுக்குள்ளேயே பெருகக்கூடிய விதிவிலக்கு. அது இருப்பது தெரியாமல் முடக்குவாதத்துக்கோ லூபஸுக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால், கட்டவிழ்ந்து உடல் முழுக்கப் பரவி ஆளைக் கொன்றுவிடும். தன்னெதிர்ப்பு நோயிலிருந்து காப்பதாகச் சொல்லப்படும் புழுக்களின் இனத்தில் ஒன்று, அந்த நோயின் சிகிச்சையையே கொலைக்கருவி ஆக்குகிறது. 'ஆரோக்கியமாக வாழ்ந்த' முன்னோரின் வரலாற்றை உயிர்பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் சொல்கிறார்கள்; ஐந்து வயதுக்குள் போனவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் கிடையாது.

புழுவை வைத்துக்கொண்டு நன்மையை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்றால், புழு சுரக்கும் பொருளைத் தனியே எடுக்கலாமே என்று ஆய்வகங்கள் முயல்கின்றன. ஸ்காட்லாந்தின் ஹார்னெட் இணையர் ஃபைலேரியா இனப்புழு ஒன்றிலிருந்து எடுத்த இஎஸ்-62 என்ற பொருள் எலிகளின் மூட்டு அழற்சியைத் தணித்தது. மனிதருக்கான மருந்தாக வர இன்னும் தூரம் இருக்கிறது. வந்தாலும் அது நோய் வந்தவருக்கான மருந்தாகவே இருக்கும். ஒரு தலைமுறையின் குழந்தைப் பருவத்தில் நேர்ந்த மாற்றத்தை அது ஈடுசெய்யாது.

அந்த மாற்றம் இப்போது நம்மிடையே நடந்துகொண்டிருக்கிறது. 2015 பிப்ரவரி 10 முதல் இந்தியா தேசியக் குடற்புழு நீக்க நாளைக் கடைப்பிடிக்கிறது. ஒன்றிலிருந்து பத்தொன்பது வயதுவரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் கொடுக்கிறார்கள். யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரை அதற்கும் முன்பே தெருத்தெருவாகக் கொடுக்கப்பட்டது. கழிவறை, காலணி, குழாய்த்தண்ணீர் எல்லாம் சேர்ந்து புழுவின் காலத்தைச் சுருக்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் எதையும் நிறுத்தச் சொல்லும் சான்று இல்லை. நிறுத்தச் சொல்பவர் அடுத்தவர் பிள்ளையின் இரத்தத்தில் பரிசோதனை நடத்தப் பார்க்கிறார். நான் கேட்பது, அந்தத் திட்டத்தின் கணக்கில் செலவு என்று ஒரு பத்தியையும் எழுதுங்கள் என்பதைத்தான். முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளின் எண்ணிக்கையில் இந்தியா ஏற்கெனவே உலகின் முன்வரிசையில் நிற்கிறது. மக்கள்தொகை அதற்கு ஒரு காரணம். புழுநீக்கத்தால் அது ஓரளவு கூடும் என்றால், ஊரக ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிள்ளைகளுக்கான இன்சுலினும், காய்ச்சலும் வாந்தியுமாக வரும் பிள்ளைக்குச் சர்க்கரை பார்க்கத் தோன்றும் செவிலியரும், முடக்குவாதத்தை முதுமையின் வலி என்று ஒதுக்காத மருத்துவரும் இப்போதே வேண்டும். காரணம் புழு அல்ல என்று நாளை தெரிந்தாலும் இந்தச் செலவு வீண்போகாது.

வயதைச் சோதிக்கும் வழிக்கும் இங்கேயே இடம் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி திமிரி வட்டாரத்திலும் ஜவ்வாது மலையிலும் நடத்திய டிவார்ம்3 சோதனையில், ஊர்த்தொகுதிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதியில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஆண்டுக்கு இருமுறை வீதம் மூன்று ஆண்டுகள் மாத்திரை கொடுத்தார்கள். மறுபாதியில் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு மட்டும். புழு பரவுவதையே அறுத்துவிட முடியுமா என்பது அவர்களின் கேள்வி. வேறொரு கேள்விக்கும் அந்த ஏற்பாடு உதவும். அந்த மூன்றாண்டுகளில் கருவில் இருந்த, பிறந்த, தவழ்ந்த பிள்ளைகளின் மண்ணில் புழு முட்டையின் அளவு இரு பாதிகளிலும் ஒன்றாக இருந்திருக்காது. வித்தியாசம் சிறியதாகவே இருக்கும், ஏனெனில் இரு பாதியிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத்திரை போனது. முதல் வகை நீரிழிவு வந்தவர்களை எண்ணினால் எண்ணிக்கை போதாது. ஆனால் நோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரத்தத்தில் தோன்றும், கணையத்துக்கும் தைராய்டுக்கும் எதிரான எதிர்ப்புரதங்களை அளக்கலாம். ஒவ்வாமையின் குறிகளையும் சேர்த்து அளக்கலாம். மாத்திரை தீவிரமாகக் கொடுக்கப்பட்ட பாதியில், அப்போது கருவிலோ கைக்குழந்தையாகவோ இருந்தவர்களிடம் அவை கூடுதலாகவும், அப்போது பத்து வயதைத் தாண்டியிருந்தவர்களிடம் இரு பாதியிலும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும் என்பது இங்கே சொன்ன வாதத்தின் முன்கணிப்பு. இத்தகைய கணக்கெடுப்புகளில், போதுமான எண்ணிக்கையில் பார்த்தும் அந்த வித்தியாசம் தென்படவில்லை என்றால், குழந்தைப் பருவத்தைக் காரணம் காட்டிய என் விளக்கத்தைக் கைவிட்டு, பெரிய குரோன்ஸ் சோதனைகளிலும் நாட்டிங்ஹாமிலும் கிடைத்த விடையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.